1965 மாடல் பீட்டிலின் முன் கண்ணாடியும் ரப்பரும் மாற்றியது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர். கார், வோக்ஸ்வேகன் பீட்டில். அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில், 1964 கடைசியில் புதிதாக எடுத்தது. சிங்கப்பூர் அப்போது மலேசியாவில் ஒரு மாநிலம். வீட்டில் எல்லாரும் அதை ‘அறுபத்து நாலு வண்டி’ என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். ரப்பர் வாங்கும் கட்டத்தில் இந்தப் பழக்கம் எங்களுக்கு ஒரு மாதத்தைத் தின்றது. அது பிறகு வரும்.

கார் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழைய கார்களுக்கான திட்டத்தின்கீழ் இருக்கிறது. குறைந்தது 35 வயதான வண்டிகளுக்கான திட்டம் அது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் வண்டி பலமாடி நிறுத்துமிடத்தில் நிற்கும். இந்த விவரம் முக்கியமானது. தினமும் ஓடுகிற காரில் புகுந்த தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் ஓரளவு காய்ந்துவிடும். நிற்கிற காரில், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், அது காயவே காயாது.

முறையீடு எளிமையானது: மழையில் போய் வந்தால் ஓட்டுநர் பக்கத்துக் கார்ப்பெட் நனைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றிக் கறுப்பு சிலிக்கான் பசையை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் ஒழுகல் நின்றது. பிறகு முன்னைவிட மோசமானது.

வைகாசியில் மகளுக்குத் திருமணம், சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில். மணமக்களைத் தாத்தாவின் வண்டியில் அழைத்து வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. மாசியில் வந்து, “அண்ணே, ரப்பர மட்டும் மாத்திட்டாப் போதும்ல? மூணு மாசம் இருக்கு,” என்றார்.

நான் பல காலம் பாடி வேலை பார்த்தவன். இப்போது பழைய வண்டிகளுக்கு யோசனை சொல்லும் அளவில்தான். கை வேலையைச் செய்தவர் சின் மிங் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி. மினி கார்களில் தேர்ந்த கை.

வண்டியில் கண்டவை

ரப்பர் மரத்துப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை, மூலைகளில் வெடிப்பு. அதன்மேல் விரல் அகலத்துக்கு சிலிக்கான். கீழ் மூலைகள் இரண்டிலும் பெயின்ட் குமிழ்விட்டிருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

கண்ணாடியின் இடது கீழ் ஓரம் பால்போல் வெளுத்திருந்தது. இது லேமினேட்டட் கண்ணாடி என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். ஓரம் நாள்பட நீரில் ஊறினால் அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சி வெளுக்கும். அப்படியானால் கண்ணாடி ஓரம் பதிந்திருக்கும் ரப்பரின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) தண்ணீர் வந்து போகவில்லை, அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது.

குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தோம். இதில் ஒரு வரிசை உண்டு: கீழே தொடங்கி மெதுவாக மேலே போகவேண்டும். எடுத்தவுடன் கூரையில் அடித்தால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து, எது எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. தம்பி டார்ச் விளக்குடன் உள்ளே படுத்துக்கொண்டார். கதவுப் பக்கம் ஒன்றுமில்லை. கண்ணாடியின் வலது கீழ் மூலைக்குத் தண்ணீர் வந்த சற்று நேரத்தில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சொட்டத் தொடங்கியது. கண்ணாடிக்குச் சற்றுக் கீழேதான் வைப்பர் தண்டுகள் வெளியே வருகின்றன. அதே தண்ணீர் அவற்றின் மேலும் ஓடியது. இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

கழற்றியது

பழைய கண்ணாடியை உள்ளிருந்து தள்ளி எடுப்பது பலருடைய வழக்கம். இங்கே அதை வேண்டாம் என்றோம். சிலிக்கான் எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாது. ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் விடாவிட்டால் கண்ணாடி வளையும், ஓரத்திலிருந்து கீறல் விடும். ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான். அதனால் அதன் வெளி உதட்டை, அதாவது பாடியின்மேல் படியும் ஓரத்தை, கத்தியால் சுற்றிலும் அறுத்தெடுத்துவிட்டு, கண்ணாடியை அலுங்காமல் தூக்கினோம்.

அடியில் தெரிந்தது ரப்பர் பிரச்சினையே அல்ல. ரப்பர் கவ்விப் பிடிக்கவேண்டிய தகர விளிம்பு கீழ் மூலைகளில் துருவேறி, வலது பக்கம் விரல் நுழையும் ஓட்டையாக இருந்தது. ஓட்டையின் மேல் புட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அடிவிளிம்பு முழுதும் அந்தப் புட்டியால் தடித்துக் கிடந்தது. ரப்பரின் காடி ஒரு குறிப்பிட்ட தகட்டுக் கனத்துக்காக வார்க்கப்பட்டது. விளிம்பு தடித்தால் காடி விரியும், உதடு தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் நீர் இறங்கும்.

சிலிக்கான் செய்த கெடுதல் இதற்கு மேல். உலரும்போது வினிகர் வாடை வீசும் வகை அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். வெறும் இரும்பில் பட்டால் அதுவே துருவைக் கிளப்பும். உதட்டுக்கு அடியில் போகிற கொஞ்சம் தண்ணீர் வழக்கமாகக் கீழ்ப்பக்கமாக வெளியே கசிந்துவிடும். பசை அந்த வழியையும் அடைத்துவிட்டது. வீட்டுக் குளியலறைக்கு நல்ல சாமான்தான். காரில் அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

வெட்டுவதா, மூடுவதா

உரிமையாளருக்கு இரண்டு வழி சொன்னோம். துருவைச் சுரண்டி, துரு மாற்றும் திரவம் பூசி, மறுபடி புட்டி வைத்து மூடலாம். வைகாசிக்குள் கார் தயார். இல்லாவிட்டால் அரித்த தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு பற்றவைத்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, அது நன்றாக இறுகும்வரை காத்திருக்கலாம், வைகாசி சந்தேகம்.

இரண்டாவதைத்தான் நான் வற்புறுத்தினேன். காரணம் அழகு சார்ந்ததல்ல. ரப்பரின் பிடி முழுதும் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. புட்டி நசுங்கும், பொடியும். புது ரப்பரை அதில் மாட்டினால், உதட்டை விளிம்பின்மேல் ஏற்ற உள்ளிருந்து கயிற்றை இழுக்கும்போதே பெயர்ந்துவிடலாம். உரிமையாளர் அன்றைக்குப் பதில் சொல்லாமல் போனார். மறுநாள் போன் செய்து, “வெட்டிருங்க. கல்யாணத்துக்கு வேற கார் பாத்துக்குறேன்,” என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து வேலைக்கு அவசரம் இல்லாமல் போனது. பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால், எடுத்த முடிவுகளிலேயே அதிகப் பயன் தந்தது அவர் எடுத்ததுதான்.

தகட்டு வேலையில் விரிக்க அதிகம் இல்லை. வெட்டிய அன்றே பற்றவைத்து, தேய்த்து, மாலைக்குள் எபாக்ஸி பிரைமர் அடித்தாயிற்று. சிங்கப்பூர் ஈரக்காற்றில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டுவைத்தால் காலையில் செம்மண் பூத்திருக்கும்.

ரப்பர் வந்த கதை

இதற்கிடையில் உரிமையாளரே இணையத்தில் ரப்பரை வாங்கிவிட்டார், ‘1964’ என்று குறிப்பிட்டு. மேசையில் கம்பளம் விரித்துக் கண்ணாடியை வைத்து ரப்பரைச் சுற்றிப் பார்த்தோம். மூன்று மூலை உட்கார்ந்தது, நான்காவது வரவில்லை. இழுத்து மாட்டினால் எதிர் மூலை கழன்றது.

தம்பி ரப்பரைக் குறை சொன்னார், மலிவுச் சரக்கு என்று. எனக்கு வேறு சந்தேகம். பீட்டிலுக்கு மாடல் ஆண்டு ஜனவரியில் தொடங்காது. தொழிற்சாலையின் கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட்டில் தொடங்கும். 1964 ஆகஸ்ட்டிலிருந்து வந்தவை 1965 மாடல், அந்த மாடலில்தான் கண்ணாடிகளைப் பெரிதாக்கினார்கள். முன் கண்ணாடி உயர்ந்தது, சற்றே வளைவும் பெற்றது. பின் இருக்கையைத் தூக்கி நடுத்தண்டில் பொறித்த சேசிஸ் எண்ணைப் பார்த்தோம். 115 என்று தொடங்கியது. மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டைக் குறிக்கும்: 5 என்றால் 1965. ஆக, ரப்பர் நல்ல ரப்பர்தான். வேறு காருக்கானது.

சேசிஸ் எண்ணைச் சொல்லி வேறு ரப்பர் வரவழைக்கச் சில வாரம் ஆனது. அதோடு புது லேமினேட்டட் கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொள்ளும்படி சொன்னேன். வெளுத்த பழையதை எறியவேண்டாம், ஒத்திகைக்கு ஆகும் என்றும் சொல்லிவைத்தேன். திருமணம் இந்த வாரங்களுக்குள் நடந்து முடிந்தது. மணமக்கள் வாடகைக் காரில் வந்தார்கள்.

எதை முதலில் மாட்டுவது

இந்த இடத்தில் தம்பிக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது. மினியில் ரப்பரை முதலில் பாடியின் விளிம்பில் மாட்டுவார்கள். பிறகு கண்ணாடியை நெம்பி அதன் காடிக்குள் இறக்குவார்கள். கடைசியில் ரப்பரின் முகத்தில் இருக்கும் இன்னொரு காடியில் பூட்டுப் பட்டையைச் செலுத்துவார்கள். அந்தப் பட்டை ரப்பரை விரித்துக் கண்ணாடியை இறுக்கும். அதற்கென்று வளையம் வைத்த கருவி உண்டு. தம்பி கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவர். இங்கேயும் அலுமினியப் பட்டை இருப்பதைப் பார்த்து, அதைக் கடைசியில் செலுத்தலாம் என்றார்.

பீட்டிலின் பட்டை பூட்டு அல்ல, அலங்காரம். அதன் காடி ஆழமானது, பட்டையின் அடி அகன்றது. கண்ணாடி வண்டியில் ஏறி ரப்பர் இறுகியபின் அதை நுழைப்பது நடக்காது, நுழைத்தால் மெல்லிய அலுமினியம் மடங்கிப்போகும். ஆகவே வரிசை இப்படி: முதலில் கண்ணாடியில் ரப்பர், அடுத்து ரப்பரில் பட்டை, அதன்பின் விளிம்புக்கான காடியில் கயிறு, எல்லாம் சேர்ந்த கண்ணாடியை வெளியிலிருந்து வண்டியில் வைப்பது கடைசியில். மேசையின் மேலேயே பட்டையை நுழைக்கத் தம்பிக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

பழைய கண்ணாடியில் ஒத்திகை

ரப்பரைக் காலை வெயிலில் போட்டு இளக்கினோம். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து வழுக்கலுக்கு வைத்துக்கொண்டோம். கிரீஸையும் எந்திர எண்ணெயையும் கிட்டவே விடவில்லை. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். சிலிக்கான் ஸ்பிரே ரப்பரைக் கெடுக்காது, ஆனால் அதன் பிசிறு பட்ட இடத்தில் பிற்பாடு பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். பெயின்ட் கடையோடு சேர்ந்த பட்டறையில் அதை எடுத்தால் சண்டை வரும்.

கயிறு 5 மில்லிமீட்டர் நைலான். மெல்லிய கயிறு ரப்பரின் உதட்டை அறுத்துவிடும். காடியைச் சுற்றிப் பதித்து, இரு முனைகளையும் அடிப்பக்க நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, உட்புறம் தொங்கவிட்டோம். இரண்டு பேர் வெளியிலிருந்து கண்ணாடியை நடுப்படுத்தி அழுத்த, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்கவேண்டும். கயிறு வரவர உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் கயிறு போகும் இடத்தையே தொடர்ந்து தட்டிக்கொண்டு வரவேண்டும். முதலில் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்.

அடியும் பக்கங்களும் வந்தன. இடது மேல் மூலையில் கயிறு வெளியே வந்துவிட்டது, உதடு வரவில்லை. தம்பி கொஞ்சம் ஓங்கித் தட்டினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெளுத்திருந்த கீழ் மூலையிலிருந்து நடு வரைக்கும் ஒரு கீறல் ஓடியது. தட்டியது மேலே, உடைந்தது கீழே. லேமினேட்டட் கண்ணாடி நடுவில் அடியைத் தாங்கும், ஓரத்தில் வளைவைத் தாங்காது. புதுக் கண்ணாடி பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை என்பதால் யாரும் பதறவில்லை.

உரிமையாளர் அன்று அங்கே இருந்தார். “கண்ணாடி பழசு, அதான் உடைஞ்சிச்சு. புதுசப் போட்டுப் பாக்கலாம்ல?” என்று கேட்டார். பழசாக இருந்ததால் உடைந்திருக்கலாம். ஆனால் உதடு வராததற்குக் கண்ணாடியின் வயது காரணமாகாது. புதியதைத் தொடுவதற்குமுன் விளிம்பை அளப்போம் என்றேன்.

கனம் அளக்கும் வெர்னியர் கருவியால் சுற்றிலும் அளந்தோம். மற்ற இடங்களில் கனம் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த மூலையில் 3-ஐத் தாண்டியது. பெயின்ட் அடித்தவர் வளைவில் வழிந்ததை மேலும் ஒரு பூச்சால் மறைத்திருந்தார். பார்வைக்குக் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது, ரப்பருக்கு அது தடிப்பு. துருவை வெட்டிய மூலைகளையே எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கைவைக்காத மேல் மூலையில் அளக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

புதுக் கண்ணாடி

அந்த மூலையை இழைத்து, மறுபடி மெல்லிய பூச்சு அடித்து, ஒரு வாரத்துக்கு மேல் விட்டோம். பெயின்ட் இறுகாமல் ரப்பரை ஏற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு மாட்டியது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. தட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை, அழுத்தியதே போதுமாக இருந்தது. சோப்புத் திரவத்தில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரை விட்டு அலசினோம். ரப்பர் படிந்து உட்காரச் சில நாள் விட்டுவைத்தோம்.

உதட்டுக்கு அடியில் இறுகாத மாஸ்டிக் பசை வைத்துவிடலாம் என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். பசை வைத்துவிட்டால் ரப்பர் தானாக நீரைத் தடுக்கிறதா, பசை தடுக்கிறதா என்று தெரியாது.

மழை

குழாய்ச் சோதனையில் கண்ணாடியைச் சுற்றி ஒரு சொட்டும் இல்லை. ஆனால் கார்ப்பெட் நனைந்தது. வைப்பர் தண்டின் ரப்பர் வளையம் பொடிந்து, தண்டையொட்டி நீர் இறங்கியது. இவ்வளவு நாளும் இரண்டு ஒழுகல்கள் இருந்திருக்கின்றன, பெரியது சின்னதை மறைத்திருக்கிறது. வளையங்கள் சில வெள்ளிக்கு வாங்கக் கிடைத்தன. மாற்றியபின் நின்றது.

சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் சூறைமழைகளில் இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திப் பார்த்தார் உரிமையாளர். உள்ளே உலர்ந்தே இருந்தது. டிசம்பரில், வடகிழக்குப் பருவமழை விடாமல் ஓர் இரவும் பகலும் பெய்தபோது மட்டும் வலது கீழ் மூலையில் உட்புற உதட்டின்மேல் ஈரம் தெரிந்தது. சொட்டவில்லை, துணி வைத்து ஒற்றினால் நனையும் அளவு. புதுத் தகடு பற்றவைத்த இடம் அது. பற்றுத் தடம் இழைத்தபின்னும் இலேசாக மேடாக இருந்திருக்கவேண்டும். அந்த ஒரு சாண் நீளத்துக்கு மட்டும், உதட்டை மரக்குச்சியால் தூக்கி, மாஸ்டிக்கை உள்ளே செலுத்தினோம். அதற்குப்பின் ஈரம் இல்லை.

இனி மாற்றிச் செய்வது

சேசிஸ் எண்ணைப் பார்க்காமல் எந்த ரப்பரையும் வாங்குவதில்லை. குடும்பம் சொல்லும் ஆண்டு, பதிவு அட்டையில் இருக்கும் ஆண்டு இரண்டுமே வண்டி எப்போது வாங்கப்பட்டது என்பதைத்தான் சொல்லும்.

ஒத்திகையைப் பெயின்ட்டுக்கு முன்பும் ஒரு தடவை செய்யலாம். பிரைமர் அடித்த கட்டத்திலேயே பழைய கண்ணாடியையும் ரப்பரையும் வைத்துப் பார்த்திருந்தால் பற்றுத் தடத்தின் மேடு அப்போதே தெரிந்திருக்கும். வெர்னியர் அளவையும் பெயின்ட்காரர் கையில் கொடுத்துவிடுவது நல்லது: விளிம்பில் பளபளப்பு தேவையில்லை, கனம் கூடக்கூடாது.

ஒழுகல் சோதனையில் கண்ணாடியையும் ரப்பரையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டிவிட்டு வைப்பர் பகுதியில் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும், பிறகு மாற்றி. கால் மணி நேர வேலை.

மாஸ்டிக் விஷயத்தில் தம்பிக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. முதலிலேயே சுற்றிலும் வைத்திருந்தால் டிசம்பர் ஈரம் வந்தே இருக்காது என்கிறார் அவர். வந்திருக்காதுதான். ஆனால் அடுத்த முறை கழற்றுகிறவருக்கு அந்த மாஸ்டிக்கை நீளம் முழுதும் சுரண்டவேண்டி வரும், எந்த மூலை பலவீனம் என்பதும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அளவு தவறி வந்த முதல் ரப்பரைத் தம்பியே விலைக்கு எடுத்துக்கொண்டார், பட்டறைக்கு 1962 பீட்டில் ஒன்று வேலைக்கு வருகிறதாம்.